கருவிகளும் மாணவர்களும்: முதுநகர் – சிதம்பரம் தடத்திலிருந்து சில குறிப்புகள்

குறுந்தொகையில் 412ஆம் பாட்டு என்று ஒன்று கிடையாது. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணினால் 402, அதோடு தொகை முடிந்துபோகிறது. ஆனால் சென்ற ஆண்டு முதுநகரில் நான் மெய்ப்புத் திருத்திய முதுகலை ஆய்வேடு ஒன்றில் 412ஆம் பாட்டு இருந்தது. நாலடி. நெய்தல். தலைவி கூற்று. புன்னை, நாரை, வைகறை எல்லாம் அதனதன் இடத்தில். குறுந்தொகைப் பாட்டின் அடிச் சிற்றெல்லை நான்கு என்பதுகூடத் தப்பவில்லை. படித்தவுடன் எனக்குப் பிடிபடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 'இத எங்கேர்ந்தும்மா எடுத்த?' என்று கேட்டேன். 'போன்ல கேட்டேண்ணா, அதுதான் குடுத்துச்சு' என்றார் அந்த மாணவி. குரலில் குற்ற உணர்வு இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? கேட்டார், கொடுத்தது.

நான் பேராசிரியன் அல்லன். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு டி.டி.பி. சென்டர்களில் பிழை திருத்திப் பிழைப்பவன். கல்லூரி மாணவர்கள் எங்களிடம் வருவது கல்வியின் கடைசிக் கட்டத்தில்: தட்டச்சு, அச்சு, பைண்டிங். எனவே வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு அதன் கழிவுகளின் வழியாகவே தெரியும். கழிவுகளிலிருந்து வரலாறு எழுத முடியும் என்று தொல்லியல்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தைரியத்தில்தான் இது.

மாணவர்களும் இலக்கமுறைக் கருவிகளும் என்று பேச்செடுத்தாலே நம் வட்டாரத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, 'பசங்க படிக்கறதேயில்ல, எல்லாம் போன்' என்னும் ஒப்பாரி. இன்னொன்று, அறிவு உள்ளங்கைக்குள் வந்துவிட்டது, இனி யாரும் யாரையும் தடுக்க முடியாது என்னும் அரசாங்க விளம்பரக் குரல். இரண்டும் ஒரே அனுமானத்திலிருந்து கிளம்புபவை: கருவி வருவதற்கு முன்பு இங்கே வாசிப்பு என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது, கருவி வந்து அதைக் கெடுத்தது அல்லது வளர்த்தது. இந்த அனுமானத்தைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தின் கல்வி வரலாற்றில் வாசல் என்பது முக்கியமான சொல். நந்தன் நின்ற வாசல் ஒன்று. அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார்; தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குத் திறந்த வாசல் அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1920இல், அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது பல்கலைக்கழகமாயிற்று. இடையில் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ.வே.சா. இருந்தார். ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தவர், பிரதியோடு பிரதியை ஒப்பிட்டே வாழ்நாளைக் கழித்தவர். அவரது குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பித்திருந்தார் என்பதை நம் ஆட்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

உ.வே.சா.வை இங்கே இழுப்பது பழம்பெருமைக்காக அல்ல. அவர் காலத்து மாணவனின் கருவிகள் ஏடும் எழுத்தாணியும் மனப்பாடமும்தான். ஏடு படியெடுக்கப்படும், படியெடுக்கும்போது பிழை நுழையும், பிழையைப் பாடம் என்று ஒருவன் நினைப்பான், இன்னொருவன் தன் கைச்சரக்கை இடையில் நுழைப்பான். 'இடைச்செருகல்' என்று இதற்கு ஒரு சொல்லே நம்மிடம் இருக்கிறது. ஆக, இல்லாத பாட்டு இருப்பதாக வருவது தமிழுக்குப் புதிதல்ல. புதிது எதுவென்றால், அப்போது அதைப் பிடிக்க ஒரு முறையியலும் இருந்தது: இன்னொரு பிரதியைத் தேடு, ஒப்பிடு, வேறுபாட்டை அடியில் குறி. இந்த முறையியல் பல்கலைக்கழகத்துக்குள் வந்து ஆய்வாளர்கள் சிலரிடம் தங்கிவிட்டது. சாதாரண மாணவனிடம் அது ஒருபோதும் வந்து சேரவில்லை. அவனுக்கு வந்து சேர்ந்தது 'நோட்ஸ்'.

நோட்ஸ் பற்றி யாராவது ஒரு நல்ல ஆய்வு செய்ய வேண்டும். ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதுவது, எழுதியதை அக்கா தங்கைக்குக் கொடுப்பது, தங்கை பக்கத்து வீட்டுக்கு, நடுவில் கோனார் நோட்ஸ், பிறகு ஜெராக்ஸ். அண்ணாமலை நகரிலும் கடலூரிலும் கல்லூரி வாசலை ஒட்டி எத்தனை ஜெராக்ஸ் கடைகள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் தேர்வுக்கு. மூலநூலை முழுசாகப் பார்க்காமலேயே தமிழில் பட்டம் வாங்க முடியும் என்பது செல்போன் வருவதற்கு முன்பே நிலைநாட்டப்பட்ட உண்மை. நான் படித்த கல்லூரியில் ஒருவர் வாசித்த நோட்ஸ் அவர் மாணவராக இருந்தபோது எழுதியது, தாள் பழுத்துப்போயிருந்தது. அதிலே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. நாங்கள் நாற்பது பேரும் அந்த வரி இல்லாமலேயே தேர்வு எழுதினோம், தேறினோம். (அவர்மீது எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர்.) தேர்வு என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தலையும் ஒன்றாக முடிச்சுப் போடும் சடங்கு என்று ஃபூக்கோ சொன்னபோது அவருக்கு நம்மூர் செமஸ்டர் தெரியாது. தெரிந்திருந்தால் நகலெடுத்தலையும் சேர்த்திருப்பார்.

இந்த நகல் பொருளாதாரத்தின் பெரிய வடிவம் அஞ்சல்வழிக் கல்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் அதைத் தொடங்கியது. தபாலில் பாடநூல் பார்சல் வரும். எங்கள் தெருவில் மின்வாரிய ஊழியர், சத்துணவு அமைப்பாளர், மூன்று பிள்ளை பெற்ற பெண் எல்லோரும் அந்தப் பார்சலைப் பிரித்தவர்கள்தாம். பகல்நேரக் கல்லூரியின் வாசல் யாருக்கெல்லாம் அடைபட்டிருந்ததோ அவர்களுக்கு அது திறந்த வாசல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் உறைவிடப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற ஒன்று, உறைவிடத்துக்கு வரவே முடியாதவர்களின் கட்டணத்தில் பெருத்தது என்ற முரணையும் பார்க்க வேண்டும். 2013இல் நிதி நெருக்கடி முற்றி, அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. 2022 மார்ச்சில், 2014-15க்குப் பிறகு அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு கொடுத்தது. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியவர்களின் வீட்டில் அந்த வாரம் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

தபால் பார்சலுக்கும் இன்றைய பிடிஎஃப்புக்கும் இடையே உள்ள உறவு நேரடியானது. இரண்டிலும் நூலகம் கிடையாது. மாணவருக்கும் பாடத்துக்கும் நடுவே யாரோ ஒருவர் முன்கூட்டியே சமைத்த உணவு. பார்சலைப் பிரித்துப் பழகிய சமூகத்துக்குப் பிடிஎஃப்பை இறக்கிக்கொள்வது அதிர்ச்சியே அல்ல.

*

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள்; அவர்கள் இதில் அரசியல் இருப்பதாக நினைப்பதில்லை.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை 1930களில் மலேயாவில் இருந்த யாழ்ப்பாணத்தவர் ஆர். முத்தையா வடிவமைத்தார். அந்த விசைப்பலகையின் வழியாகத்தான் நம் ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்கள் முளைத்தன. லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு, அரசு வேலை. கடலூரில் கீழ்நடுத்தர வீட்டுப் பெண்கள் வெளியில் வரக் கிடைத்த கௌரவமான காரணங்களில் அது ஒன்று. 90களில் கணினி வந்தபோது இந்தப் பெண்கள்தாம் டி.டி.பி. சென்டருக்கு மாறினார்கள். எழுத்து மட்டும் மாறவில்லை, குழம்பியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு எழுத்துரு. ஸ்ரீலிபி ஒருபுறம், வானவில் ஒருபுறம், பாமினி ஒருபுறம். ஓர் எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாகக் கிரந்தமும் இல்லாத ஆங்கிலமும் இல்லாத ஏதோ ஒன்று தெரியும். 1991இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அந்த இடம் இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு குறியீட்டை ஒட்டி, தேவநாகரிக்கு வெட்டிய அச்சில் தமிழை உட்காரவைத்தது. உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. 'க' ஓர் இடம், கொக்கி ஓர் இடம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி ஒரு விசைப்பலகையும், டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் வகுத்தது. யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. 1991க்கும் 2010க்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். அந்தப் பத்தொன்பது ஆண்டில் தமிழில் அடிக்கப்பட்ட ஆய்வேடுகள் என்ன ஆயின?

இருக்கின்றன. 2009இல் மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று விதி செய்தது. அவை சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் போய்ச் சேர்ந்தன. திறந்து பாருங்கள். கண்ணால் படிக்கலாம், தேட முடியாது. பல ஆய்வேடுகள் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை, அல்லது தாளை அப்படியே வருடிப் படமாக ஏற்றியவை. 'நெய்தல்' என்று அடித்துத் தேடினால் கணினிக்கு அங்கே நெய்தல் இல்லை. ஆங்கிலத்தில் வேதியியல் ஆய்வேடு எழுதிய மாணவரின் வரி உலகத்துக்குத் தேடக் கிடைக்கிறது. தமிழில் எழுதியவரின் வரி அச்சுக்குள்ளேயே இருளில் கிடக்கிறது. தமிழ்த்துறை மாணவர் முந்தைய ஆய்வைப் பார்ப்பதில்லை என்று குறைப்படும் பேராசிரியர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நானே இந்தப் பாவத்தில் பங்குள்ளவன். 2012 வாக்கில்கூட எங்கள் சென்டரில் பழைய எழுத்துருவிலேயே அடித்துக் கொடுத்தோம். 'பேஜ் அழகா வரும்' என்பதுதான் காரணம்.

அரசும் பல்கலைக்கழகங்களும் குழுக்கள் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வேறு சிலர் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களும் சேர்ந்து செய்தது. கையால் அடித்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார், இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். ஊரிலிருந்து போனவர்களின் ஏக்கம் அதன் உந்துசக்தி என்று கொஞ்சம் எள்ளலாகச் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கிள்ளையில் இருக்கும் ஒரு மாணவி இன்று சங்கப்பாட்டின் மூலத்தைக் காசில்லாமல் பார்க்க முடிகிறதென்றால் அந்த ஏக்கத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த ஒரு சமூகம் 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே மின்நூலகம் தொடங்கியதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே இலக்கமுறை என்பது வசதி அல்ல, எரியாத அலமாரி. நமக்கு அப்படி ஓர் அவசரம் இருந்ததில்லை. 80களிலும் 90களிலும் நம் சிறுபத்திரிகைகள் அமைப்பியல், தலித்தியம், பெண்ணியம் என்று மாய்ந்து மாய்ந்து விவாதித்தோமே, அந்த இதழ்களில் எத்தனை இன்று ஒரு மாணவரின் கைக்கு எட்டும்? பெரும்பாலும் நண்பர்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அறிவதிகாரத்தைப் பற்றி எழுதிய பக்கங்களையே கரையானுக்கும் நண்பர் வட்டத்துக்கும் விட்டுவிட்டோம்.

*

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று இலவச மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு உண்டு. சுயநிதிக் கல்லூரிக்காரர்களுக்குக் கிடையாது. மூடியின்மேல் முதல்வரின் படம். உள்ளே விண்டோஸும், சென்னையில் உருவான பாஸ் என்னும் லினக்ஸும். நான் அப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு.

அது வந்த காலத்தைச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு போயின. மின்கம்பங்கள் வயலில் படுத்துக்கிடந்தன. உள்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அது சரியாகி மூச்சுவிட்ட பின், 2012 முழுக்க, சென்னை தவிர்த்த மாவட்டங்களில் மின்வெட்டு. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். எனக்கு மடிக்கணினி கிடைத்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. அம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'இதுக்கு என்ன மாசா மாசம் கட்டணும்?' என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அவருக்குத் தவணைக்கு வந்த பொருள்கள்தாம் தெரியும்.

சார்ஜ் ஏற்றுவதற்காக முதுநகர் ரயில் நிலையத்துக்குப் போவோம். விழுப்புரம் – மயிலாடுதுறை தடம் அகலப்பாதையாகி 2010இல்தான் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. நடைமேடையில் ஒரு பிளக் பாயின்ட்டுக்கு நாலு பேர். அங்கே உட்கார்ந்து என்ன செய்தோம்? படம் பார்த்தோம். பென்டிரைவில் வந்த படம், பாட்டு. இணைய இணைப்பு யாரிடமும் இல்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் வகுப்பில் ஒருவன் மதுரைத் திட்டத்தின் கோப்புகளை ஒரு பிரௌசிங் சென்டரில் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தான். ஒரே வாரத்தில் வகுப்பே நகலெடுத்துக்கொண்டது. திரைப்படம் போன அதே வழியில் புறநானூறும் போயிற்று. பாடத்திட்டம் வகுத்தவர்கள் யாரும் திட்டமிடாதது இது. நூலகத்தில் ஒரு பிரதிக்கு வரிசையில் நின்றவர்களிடம் முதல் தடவையாக நூல் இருந்தது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பது வேறு. அலமாரியில் நூல் வைத்திருக்கும் நாமும் எல்லாவற்றையும் திறந்தவர்கள் இல்லை.

பிரௌசிங் சென்டர் ஆண்களின் இடம். தடுப்புப் பலகை, திரைச்சீலை, உள்ளே போகும் பெண்ணைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு. எங்கள் வகுப்புப் பெண்கள் யாரும் அங்கே போனதாக நினைவில்லை; தம்பியை அனுப்புவார்கள். எனவே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததை வெறும் சந்தை நிகழ்ச்சியாகப் பார்க்கக்கூடாது. தம்பி இல்லாமல் ஒரு பெண் தேட முடிந்தது அப்போதுதான். அதற்கு ஒரு விலையும் இருந்தது. போன் வைத்திருக்கும் பெண் என்பவள் வீட்டில் புதுவிதமாகக் கண்காணிக்கப்பட்டாள். யாரோடு பேசுகிறாள், ஏன் இரவில் வெளிச்சம் தெரிகிறது. 'படிக்கறேன்னு சொன்னா நம்ப மாட்டாங்கண்ணா, புக்கு கையில இருந்தா நம்புவாங்க.' சோனங்குப்பத்து மாணவி ஒருவர் சொன்னது. போனுக்கு முன்னால் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் அவர் போனில் புத்தகம் படித்தார்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் அடைபட்டபோது வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கடலுக்குப் போகும் அப்பாவிடம். வகுப்பு காலை பத்துக்கு. அப்பா திரும்புவது எப்போதோ. மாநில அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா கார்டு என்று 9,69,047 மாணவர்களுக்கு அறிவித்தது. டேட்டா உண்டு, போன் உண்டா என்பது யாரும் கேட்காத கேள்வி. தேர்வுகளின் கதை இன்னும் விசேஷம். நான் பார்த்த வரையில் நடைமுறை இதுதான்: கேள்வித்தாள் போனில் வரும், ஏ4 தாளில் வீட்டிலிருந்தே எழுத வேண்டும், படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும், பிறகு அதே தாள்களைக் கட்டித் தபாலில் அனுப்ப வேண்டும். தாளை வருட எல்லோரும் பழகியிருந்த கேம்ஸ்கேனர் செயலியைச் சீனச் செயலிகளோடு சேர்த்து 2020 ஜூன் 29இல் ஒன்றிய அரசு தடை செய்தது. ஆக, எங்கள் சென்டர் வாசலில் வரிசை. தேர்வு நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த மாதங்களில் தேர்வு மண்டபமாக இருந்தது நாங்கள்தாம். கேமரா வழியாகவும் செயலி வழியாகவும் போய், கடைசியில் தபால் பையில் விழுந்தது விடைத்தாள். 1979இன் பார்சல் இப்போது எதிர்த்திசையில் பயணம் செய்தது.

எல்லாவற்றையும் மாற்றலாம், செமஸ்டரை மாற்றக்கூடாது. இதுதான் அந்த இரண்டாண்டுகள் காட்டியது. 2020 ஆகஸ்டில் அரியர் எழுதக் கட்டணம் கட்டிய எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவிக்க, ஊரெங்கும் நன்றிச் சுவரொட்டிகள் முளைத்தன. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தேர்ச்சி நிற்கவில்லை. அதைக் கேலி செய்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால், அந்தச் சுவரொட்டிகளில் ஓர் உண்மை இருந்தது. தேர்வு என்பது கல்வியல்ல, ஒரு பாரம் என்பதை மாணவர்கள் வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது.

*

நிறுவனம் கொடுத்த கருவிகளை மாணவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதோடு, தாங்களாக என்ன செய்துகொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்வயம் என்று 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய இணையப் படிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்; எங்கள் சென்டருக்கு வரும் பிள்ளைகள் அதைச் சான்றிதழுக்காகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். 2022இல் வந்த நான் முதல்வன் திட்டமும் வேலைவாய்ப்பின் மொழியில்தான் பேசுகிறது. ஆனால் வாட்ஸப் குழுக்கள் வேறு மாதிரி. வகுப்புக்கு ஒன்று ஆசிரியரோடு, இன்னொன்று ஆசிரியர் இல்லாமல். இரண்டாவதில்தான் படிப்பு நடக்கிறது. ஒருத்தி பாடத்தைப் படித்து ஐந்து நிமிடக் குரல்பதிவாகப் போடுகிறாள். ஊர்ப் பேச்சில், 'அதாவது இவன் என்ன சொல்ல வர்றான்னா' என்று தொல்காப்பியர் பேசுகிறார். மற்றவர்கள் சமைக்கும்போதும் பஸ்ஸிலும் கேட்கிறார்கள். இவான் இல்லிச் 1971இல் பள்ளியை ஒழித்துவிட்டுக் 'கற்றல் வலைகள்' அமைப்பதைப் பற்றி எழுதினார். ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ளவர்களைக் கணினியைக் கொண்டு இணைக்கலாம் என்றார். அவர் கனவு முதுநகரில் குரல்பதிவாக ஓடுகிறது, ஆனால் பள்ளி ஒழியவில்லை. வலை பள்ளிக்கு ஊழியம் செய்கிறது. அந்தக் குரல்பதிவுகள் தேர்வு முடிந்த அன்று அழிக்கப்படுகின்றன. போனில் இடமில்லை.

போனில் இடமில்லை, ரீசார்ஜுக்குக் காசில்லை. 2024 ஜூலையில் தனியார் தொலைபேசி நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றின. புதுமைப்பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயில் ஒரு பங்கு நேராக அங்கே போகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அம்மாவின் கேள்விக்கு இப்படிப் பதில் கிடைத்தது: மாசா மாசம் கட்டணும். 2025 பட்ஜெட்டில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ என்று அறிவிப்பு வந்தது. கொடுக்கட்டும், நல்லது. வாங்குகிற பிள்ளைக்கு அதில் தமிழில் எதைத் தேட முடியும் என்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

412ஆம் பாட்டுக்குத் திரும்புவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு எல்லோர் போனிலும் இப்படி ஏதாவது ஒன்று. இந்த யந்திரங்கள் நூலை எடுத்துத் தருவதில்லை. தாங்கள் விழுங்கிய பிரதிகளின் சாயலில் அடுத்த சொல் எதுவாக இருக்கலாம் என்று கோத்துத் தருகின்றன. ஆங்கிலத்தில் விழுங்கியது அதிகம், தமிழில் குறைவு. ஏன் குறைவு என்பதற்கு மேலே சொன்ன எழுத்துருக் கதையும் ஒரு பதில். பத்தொன்பது ஆண்டு ஆய்வேடுகள் தேட முடியாதவையாகக் கிடந்தால் யந்திரத்துக்கும் அவை இல்லாதவைதாம். இன்னொன்று: யூனிகோடை இணையத்தில் எழுதும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் உருவுக்கு மூன்று பைட், 'கி' என்றால் 'க'வும் கொக்கியுமாக ஆறு. இந்த யந்திரங்கள் பலவற்றில் தமிழ் வாக்கியம் அதிகத் துண்டுகளாக நறுக்கப்பட்டு, அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் அளவு பிடிக்கிறது. 1988இல் ஒரு குழு போட்ட கட்டத்தின் வாடகையை இன்றைய மாணவி கட்டுகிறார்.

பழைய இடைச்செருகல்காரனுக்கு ஒரு நோக்கம் இருந்தது. தன் சாமியை, தன் சாதியை, தன் புலமையை உள்ளே கொண்டுவந்தான். எனவே அவனைப் பிடிக்கவும் முடிந்தது. இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. கேட்டவருக்கு ஏமாற்றம் தராமல் எதையாவது கொடுப்பது மட்டுமே. அந்த வகையில் தேர்வு அறையில் பக்கம் நிரப்பும் மாணவனுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பது வரி எழுதினால் மதிப்பெண் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்.

அந்த மாணவியின் ஊர் பரங்கிப்பேட்டைக்குப் பக்கம். 2021இல் விழுப்புரத்துப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலையோடு இணைத்த பின் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகளுக்குப் பட்டம் சிதம்பரத்திலிருந்துதான் வருகிறது. பட்டம் வரும், அங்கே போய் நூலகத்தில் உட்கார இவருக்கு நேரமில்லை. கல்லூரி விட்டால் ஒரு துணிக்கடை வேலை, அப்புறம் ரயில். 'அந்தப் பாட்ட எடுத்துரட்டுமாண்ணா?' என்று கேட்டார். எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். அன்று கடையில் கூட்டமில்லை. தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைத் திறந்து, நெய்தல் பாட்டு ஒன்றை நீயே பார்த்து எடு என்றேன். ரயில் நேரம் ஆகிவிட்டது. போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார்.

இரவு ஒன்பதரைக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். உ.வே.சா. பதிப்பின் வருடிய பக்கம், பழுப்பேறிய தாள், ஓரத்தில் ரயில் இருக்கையின் நீலம். பாட்டின் கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டிருந்தார். கீழே அவர் குரல், பின்னால் தண்டவாளச் சத்தம்: 'அண்ணா, இந்த 'பி-ம்'னு போட்டு வேற ஒரு சொல்லு குடுத்துருக்காங்களே, அது என்ன? அப்ப பாட்டுல எது சரி?'

பிரதிபேதம் என்று பதில் அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் அடுத்தது வந்தது: 'எல்லாப் பாட்டுக்கும் கீழ இது இருக்குண்ணா. இத ஏன் யாரும் சொல்லல?'